முன்னால் போகிற வண்டி

பிப்ரவரி 8, சனி. பூஜ்

உடுமலையிலிருந்து கிளம்பி ஏழாம் நாள். இரண்டாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியாகிவிட்டது. முதுகு மரக்கட்டை மாதிரி இருக்கிறது. விடுதி அறையில் வாளி ஒன்றுதான். கையுறையைத் துவைத்து, அதே தண்ணீரில் சாக்ஸையும் அலசி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

நாங்கள் நான்கு பேர், நான்கு வண்டி. முன்னால் நான். எனக்குப் பின்னால் சுபத்ரா. முப்பத்து நாலு வயது, நூல்மில் ஆபீசில் வேலை, இவ்வளவு தூரம் வருவது இதுதான் முதல் தடவை. மூன்றாவது முபாரக், பஸ் ஸ்டாண்டு பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன். கடைசியில் ஈஸ்வரமூர்த்தி. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன். யார் வண்டி நின்றாலும் அவன் கை பட்டால் ஓடும். ஹெல்மெட்டில் காமிரா மாட்டிக்கொண்டு ரோட்டை முழுக்கப் படம் பிடித்துக்கொண்டே வருகிறான்.

முன் வண்டியில் இருப்பவர் கையைத் தூக்கினால் எல்லாரும் வேகம் குறைக்க வேண்டும். இடது காலை நீட்டினால் பள்ளம். மற்றவர்கள் அதைப் பார்த்தபடி வந்தால் போதும். பத்தொன்பது வருடமாகப் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறவள் நான். முன்னால் யார் போவது என்று எங்களுக்குள் பேச்சே வந்ததில்லை.

சாயங்காலம் டீக்கடையில் சுபத்ரா என் இடது பக்கம் கிளாஸை வைத்துவிட்டாள். கை பட்டு மேப் முழுக்க டீ. "அந்தப் பக்கம் வெக்காதேன்னு எத்தன தடவ சொல்றது?" என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. அலுப்பில் கத்தினது. அப்புறம் கூப்பிட்டு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தேன்.

வீட்டுக்காரரிடமிருந்து செய்தி: "சொட்டு போட்டாச்சா?" போட்டாச்சு என்று பதில் அனுப்பினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு. தோலாவீரா

இரண்டு பக்கமும் உப்பு. நடுவில் ரோடு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. வளைவில்லை, மரமில்லை, எதிரே வண்டியில்லை. இப்படி ஒரு ரோட்டில் ஓட்டினதே இல்லை. முப்பது கிலோமீட்டர் எனக்குக் கழுத்து வலி இல்லை, பயமும் இல்லை.

நிறுத்தித் தண்ணீர் குடிக்கும்போது சுபத்ரா ஓடி வந்தாள். "அக்கா, பாத்தீங்களா? இடது பக்கம் பூநாரைங்க! நூறு இருக்குமுங்க. நீங்க ஸ்லோ பண்ணுவீங்கன்னு பாத்தேன்."

பார்த்தேன் என்றேன். நேரமாகிவிட்டது, அதனால் நிறுத்தவில்லை என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள். சாஞ்சோர்

இன்று முந்நூறு கிலோமீட்டர் சொச்சம். ராஜஸ்தான் வந்தாயிற்று. லாரிகள், பக்கக் காற்று, மணல். ஒரு கார்க்காரன் ஹாரன் அடிக்காமல் உரசிக்கொண்டு போனான். ஹாரன் அடித்தான் என்கிறான் ஈஸ்வரன். காற்றில் எனக்குக் கேட்கவில்லை.

மத்தியானம் தாபாவில் கை கழுவிவிட்டுக் கண்ணுக்குச் சொட்டு விடும்போது முபாரக் பக்கத்தில் வந்து நின்றான். பாட்டிலை வாங்கிப் பார்த்தான்.

"இது எதுக்குங்க்கா?"

"தூசிக்கு."

"தூசிக்கு இத எழுத மாட்டாங்களே."

"எங்க டாக்டர் எழுதினாரு. நீ மாத்திர விக்கிறவன், டாக்டரா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பாட்டிலை மூடி, என் கையில் வைத்துவிட்டுப் போய் ரொட்டி தின்றான்.

பிப்ரவரி 11, செவ்வாய். பார்மேர்

நூற்றைம்பது கிலோமீட்டர்கூட இல்லை, அதற்கே உயிர் போயிற்று. பல்லுக்கு நடுவில் மணல்.

பிப்ரவரி 12, புதன். பார்மேர்

ஓய்வு நாள். ஈஸ்வரன் நான்கு வண்டிக்கும் செயின் துடைத்து எண்ணெய் விட்டான். நானும் சுபத்ராவும் துணி துவைத்தோம். இந்த வெயிலில் ஜீன்ஸ் அரைமணி நேரத்தில் அப்பளமாக விறைத்துவிடுகிறது. சுபத்ரா மகளோடு வீடியோவில் பேசினாள். மிருதுளாவுக்கு ஏழு வயது. "அம்மா, ஒட்டகத்தைக் காட்டு, ஒட்டகத்தைக் காட்டு" என்று ஒரே அழுகை. நாளைக்குக் காட்டுகிறேன் என்றாள் இவள்.

நாளை ஜெய்சல்மேர். அதற்கப்புறம் ராம்கர், தனோட். எல்லைக்கு முன்னால் அதோடு ரோடு முடிகிறது. அதுவரை போய்த் திரும்புவதுதான் திட்டம். இரண்டு வருடமாகப் பேசி வைத்தது.

சாப்பிடும்போது முபாரக், "நாளைக்கு நான் முன்னால போகட்டுங்களா?" என்றான்.

"ஏன்?"

"சும்மாதான். நீங்க பத்து நாளா ரெஸ்டே இல்லாம முன்னாலயே வர்றீங்க. பின்னால வந்தா கொஞ்சம் ஆசுவாசமா இருக்குமில்லீங்க."

ஈஸ்வரன் உடனே, "அட, நீ முன்னால போனா எங்களுக்கு எப்படிரா தைரியம் வரும்? அக்கா போனாத்தான் சரி" என்றான். சுபத்ராவும் தலையாட்டினாள்.

முபாரக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பருப்பைக் கலக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் போவது எனக்குச் சரிப்படாது. முன்னால் போகிறவன் தூசியைத் தின்றபடி, அவன் எந்தப் பக்கம் ஒதுங்குகிறான் என்று கவனித்துக்கொண்டே வர வேண்டும். முன்னால் போனால் நேரே பார்த்தால் போதும். அதைத்தான் அவனிடமும் சொன்னேன்.

பிப்ரவரி 13, வியாழன். ஜெய்சல்மேர்

சுபத்ரா விழுந்துவிட்டாள். இடது பக்கக் காறை எலும்பு முறிந்திருக்கிறது. முழங்கையில் தையல். தலைக்கு ஒன்றுமில்லை.

காலை பத்து மணி இருக்கும். தேவிகோட் தாண்டி. முள்மரங்களுக்குள்ளிருந்து ஒரு ஒட்டகம் திடீரென்று ரோட்டுக்கு வந்துவிட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை. நான் தாண்டிவிட்டேன். சுபத்ரா பிரேக் அடித்தாள், மணலில் சறுக்கிற்று. ஒட்டகத்துக்கு ஒன்றுமில்லை. நடந்து போய்விட்டது.

நான் அரைக் கிலோமீட்டர் போன பிறகுதான் கண்ணாடியில் யாரும் இல்லை என்று பார்த்தேன்.

திரும்பி வந்தபோது ஆட்டுக்காரப் பெண் ஒருத்தி தன் முக்காட்டால் சுபத்ராவின் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றாள். முபாரக் அவள் கையை மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டிருந்தான். அந்த வழியாகப் புல்கட்டு ஏற்றி வந்த பிக்கப்பை நிறுத்தி, கட்டுகளை இறக்கிவிட்டு அவளை ஏற்றினோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் சுபத்ரா பல்லைக் கடித்தாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வண்டியை முபாரக் ஓட்டி வந்தான். அவன் வண்டியும் சுபத்ராவின் வண்டியும் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் நிற்கின்றன.

அந்தப் பெண்ணுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி. ஜெய்சல்மேர்

ஆஸ்பத்திரி வராந்தாவில் சிமென்ட் பெஞ்ச். சுபத்ரா தூங்குகிறாள். இட்லிக்கு அழுகிறது வயிறு, கிடைப்பது அவல்தான்.

அவள் வீட்டுக்காரர் கௌதமன் காலையிலிருந்து ஆறு முறை கூப்பிட்டுவிட்டார். எப்படி விழுந்தாள், எப்படி விழுந்தாள் என்று அதே கேள்வி. ஈஸ்வரன், "காமிராவுல இருக்குங்க, பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, படத்தைப் போனுக்கு மாற்றினான். பெஞ்சில் மூன்று பேரும் தலையை ஒட்டிவைத்துப் பார்த்தோம்.

முதலில் வெறும் ரோடு. தூரத்தில் நான், சின்னப் புள்ளியாக. இடது பக்கம் அந்த ஒட்டகம் தெரிந்தது. முள்மரம் எதுவும் அதை மறைக்கவில்லை. வெட்டவெளியில், கழுத்தை ஆட்டி ஆட்டி, நிதானமாக ரோட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. நான் வேகம் குறைக்கவில்லை. கையைத் தூக்கவில்லை. அதன் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் அப்படியே நேராகப் போனேன். அடுத்த நொடி அது ரோட்டில் இருந்தது, சுபத்ரா கீழே கிடந்தாள்.

ஈஸ்வரன் திரும்ப ஓட்டினான். மூன்றாவது தடவை பதினொன்று எண்ணினான். ஒட்டகம் கண்ணுக்குத் தெரிந்ததிலிருந்து பதினொரு நொடி.

"அக்கா, இது உங்களுக்குத் தெரியலீங்களா?"

"வெயில் கண்ணுல அடிச்சுதுப்பா."

அவன் படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கினான். "வெயில் நமக்குப் பின்னால, வலது பக்கமுங்க. இங்க பாருங்க, உங்க நிழல் இடது பக்கம் விழுகுது."

குத்திக்காட்டவில்லை. வண்டியில் கோளாறு எங்கே என்று தேடுகிற மாதிரிதான் சொன்னான். முபாரக் எழுந்து வராந்தாவின் கடைசிவரை போய், சுவரைப் பார்த்தபடி நின்றான்.

பிப்ரவரி 15, சனி. ஜெய்சல்மேர்

முந்தாநாள் எழுதியது பொய். அதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

காலையில் சுபத்ராவுக்குத் தலை வாரிவிட்டேன். ஒரு கையால் முடியாது என்று அவளே கேட்டாள். முடியில் இன்னும் மணல் இருந்தது. பின்னிக்கொண்டிருக்கும்போது, "மன்னிச்சுக்குங்க்கா" என்றாள்.

"எதுக்கு?"

"என்னாலதான் ட்ரிப்பு கெட்டுப்போச்சு. தனோட் வரைக்கும் போகோணும்னு எத்தன ஆசையா இருந்தீங்க. நான் சைடுல பாத்திருக்கோணும். உங்க பின்லைட்டையே பாத்துட்டு வந்துட்டேன். நீங்க போயிட்டீங்கன்னா ரோடு காலின்னு அர்த்தமுங்க எனக்கு."

சீப்பைக் கட்டிலில் வைத்தேன். முன்பக்கம் வந்து அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"சுபா, அந்த ஒட்டகத்த நான் பாக்கவே இல்ல."

"திடீர்னு வந்துச்சுங்களே."

"திடீர்னு வரல. பதினொரு நொடி வந்துச்சு. எனக்குத்தான் பக்கத்துல இருக்கறது தெரியறதில்ல. கண்ணுல பிரஷர். இடது கண்ணுல ஓரமெல்லாம் போயிருச்சு, வலதும் போயிட்டிருக்குது. குழாய்க்குள்ள பாக்கற மாதிரி, நேரா மட்டுந்தான் தெரியும். நீ சொன்ன பூநாரையையும் நான் பாக்கல."

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. நான் விளையாடுகிறேனா என்று முகத்தைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"போனேன்."

"என்ன சொன்னாரு?"

"வண்டியே ஓட்டக்கூடாதுன்னாரு."

"எப்பங்க?"

"நவம்பர்ல."

அவள் விரல் விட்டு எண்ணினாள். நவம்பர், டிசம்பர், ஜனவரி. பிறகு தன் கட்டுப்போட்ட தோளைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் எங்களுக்கு முன்னால வந்தீங்களா?"

"ஆமா."

"என்ற புள்ளைக்கு ஏழு வயசுங்க்கா."

ஒருமுறை, ஒரே ஒருமுறை அந்த ரோடு முடிகிற இடம்வரை போய்விட்டு நிறுத்திவிடலாம் என்று நினைத்ததைச் சொல்லலாம். அவள் தோளுக்கு எதிரே உட்கார்ந்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"வெளிய போங்க" என்றாள் சுபத்ரா.

பின்னல் பாதியில் நின்றிருந்தது. மீதியை நர்ஸ் பின்னிவிட்டிருந்ததை அப்புறம் பார்த்தேன்.

வராந்தாவில் முபாரக்கிடம், சொல்லிவிட்டேன் என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் அந்தப் பாட்டிலப் பாத்தன்னிக்கே தெரிஞ்சுக்கிட்டேங்க்கா. உங்களப் போயி எப்படி எல்லாருக்கும் முன்னால கேக்கறதுன்னு விட்டுட்டேன். பார்மேர்ல ஒருவாட்டி கேட்டேன். அதுக்கு மேல கேக்கல." அவன் கண் கலங்கியிருந்தது. அவன் தப்பு எதுவும் இல்லை என்று சொன்னேன். அவன் நம்பினதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு. ஜோத்பூர்

யாருக்கும் தனோட் போக மனசில்லை. ஈஸ்வரனும் முபாரக்கும் அவரவர் வண்டியில் ஊர் திரும்புகிறார்கள். சுபத்ராவையும் அவள் வண்டியையும் என் வண்டியையும் ரயிலில் அனுப்புவதாக முடிவு. கௌதமன் மகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்து நிற்பார். சுபத்ரா தனியாகப் போக முடியாது. கூடப் போக என்னைத் தவிர ஆளில்லை. முபாரக் அவளிடம் கேட்டதற்குச் சரியென்று தலையாட்டினாளாம்.

ஜெய்சல்மேரில் லாரியில் ஏற்றப் பலகை போட்டார்கள். "ஏறி ஒரு முறுக்கு முறுக்குங்க்கா, ஏறிரும்" என்றான் ஈஸ்வரன், பழக்கத்தில்.

"நான் ஓட்ட மாட்டேன்" என்றேன்.

வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் பின்னால் வந்து கை கொடுத்தான். தள்ளித்தான் ஏற்றினோம்.

பார்சல் ஆபீசில் டாங்க் காலியாக இருக்க வேண்டும் என்றார்கள். குழாயைக் கழற்றி, பெட்ரோலைக் கேனில் இறக்கினோம். கடைசிச் சொட்டு நிற்க வெகுநேரம் ஆயிற்று. சாக்குச் சுற்றிக் கட்டின பிறகு எது என் வண்டி, எது அவளுடையது என்றே தெரியவில்லை.

பிறகு வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். கொஞ்சம் பிரஷர் இருக்கிறது, சொட்டு விட்டால் போதும் என்றுதான் அவரிடம் நவம்பரில் சொல்லியிருந்தேன். இன்று முழுக்கச் சொன்னேன்.

"மூணு மாசமா கிளாஸ் எடுத்தியே" என்றார். "புதுசா வந்த புள்ளைங்களுக்குப் பின்னால உக்காந்துட்டு, போம்மா, ரோடு காலியா இருக்குது, போம்மான்னு சொல்லிட்டிருந்தியே, தமயந்தி."

"ஆமாங்க."

"அதுகளுக்கு எதாச்சும் ஆயிருந்தா?"

கிளாஸுக்கு வருகிற நாலு பேருக்கும் போன் செய்து, இனி இல்லை என்று சொல்லிவிடச் சொன்னேன். காரணத்தையும் சொல்லிவிடுங்கள் என்றேன். போர்டைக் கழற்றட்டுமா என்று கேட்டார். கழற்றுங்கள் என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள். ரயில்

சுபத்ரா பேசவில்லை. மாத்திரையை நீட்டினால் வாங்கிக்கொள்கிறாள்.

பிப்ரவரி 18, செவ்வாய். ரயில்

காலையில் தயிர்சாதப் பொட்டலத்தை ஒரு கையால் பிரிக்கப் பார்த்து, மடியில் கொட்டிக்கொண்டாள். நான் துடைத்துவிட்டேன். வேண்டாமென்று சொல்லவில்லை.

மத்தியானம், எதிர் சீட்டில் இருந்தவர்கள் இறங்கின பிறகு, என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நேரா பாருங்க. என்ற மூக்கையே பாருங்க. கண்ண அசைக்கக்கூடாது."

பார்த்தேன். அவள் நல்ல கையை நீட்டுவது தெரிந்தது. பிறகு அது காணாமல் போயிற்று.

"இப்ப என்ற விரல் உங்க காதுக்குப் பக்கத்துல இருக்குது. ஆட்டறேன். தெரியுதுங்களா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல, சுபா."

அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். ஏழெட்டுத் தடவை இல்லை என்றேன். கடைசியில் அவள் கன்னத்தை ஒட்டி, கம்மலுக்குப் பக்கத்தில், விரல் நுனி முளைத்த மாதிரி தெரிந்தது.

"தெரியுது."

விரலை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்பது போல, முதலிலிருந்து இன்னொரு முறை செய்தாள். அதே இடம்தான்.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான்."

"இத வெச்சுட்டா அத்தன லாரிக்கு நடுவுல ஓட்டுனீங்க?"

"ஆமா."

அவள் அழுதாள். எனக்காகவா, தனக்காகவா என்று கேட்கத் தைரியமில்லை. பாலம் தடதடக்க, ஜன்னலில் வறண்ட ஆறு ஒன்று போயிற்று.

"கோவம் போகலீங்க்கா" என்றாள். "போகுமான்னும் தெரியல."

"போக வேண்டாம்."

பிப்ரவரி 19, புதன். சென்னை

அதிகாலையிலேயே எழுந்து பைகளைக் கட்டினேன். ஸ்டேஷன் நெருங்க நெருங்க எல்லாரும் கதவுப் பக்கம் குவிந்தார்கள். சுபத்ராவுக்குத் தோளில் யாராவது இடித்துவிடுவார்களோ என்று பயம்.

"உன் இடது பக்கமா நான் வர்றேன். எவனும் இடிக்காமப் பாத்துக்கறேன்" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப உங்களுக்கு இடது பக்கம் வர்றவன ஆரு பாக்கறது? மறுபடியும் நீங்க பாக்காத பக்கத்த நம்பி நான் வரோணுமாக்கும்?"

அருகில் இருந்த அம்மாள் எங்களை வேடிக்கை பார்த்தாள். நான் குரலைத் தாழ்த்தி, வேறு எப்படிப் போவது என்று கேட்டேன்.

சுபத்ரா கூட்டத்தை ஒருமுறை அளந்தாள். பையை வலது தோளில் மாட்டி, அதன் வாரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நான் முன்னால போறேன். இதப் புடிச்சுட்டுப் பின்னால வாங்க. விட்றாதீங்க."

கூட்டம் இறங்கி முடியும்வரை நின்றாள். பிறகு அடி வைத்தாள். "படி," என்றாள். "இன்னொரு படி. இடைவெளி இருக்குது, காலத் தூக்கி வைங்க." பிளாட்பாரத்தில் வெயிலும் சத்தமும். "இடது பக்கம் டிராலி வருது, நில்லுங்க." நின்றேன். சக்கரம் உருண்டு போவது காதில் கேட்டது. "ம், வாங்க."

பிளாட்பாரம் முடிகிற இடத்தில் கௌதமன் நிற்பார், மிருதுளா நிற்பாள். எப்படி விழுந்தாள் என்று அவரிடம் நானே சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் ஐம்பது அறுபது அடி இருந்தது. சுபத்ரா திரும்பிப் பார்க்காமல் வலது, தூண், ஆள் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் சொல்லச் சொல்ல நடந்தேன்.